மாதக் கடைசியில் கைமாற்று வாங்கும் வீடுகளுக்கு அஞ்சலக ஆர்.டி.

அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கை, ஊரில் எல்லோரும் ஆர்.டி. என்று சொல்லும் கணக்கை, வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் மாதம் முடிந்த பிறகும் கையில் பணம் மிஞ்சுகிறவர்களாக இருப்பார்கள். 6.7 சதவீதம்தானா, பரஸ்பர நிதியில் போட்டால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமே என்று அவர்கள் கேட்பார்கள். அவர்கள் நிலையில் அது நியாயமான கேள்வி. இந்த மதிப்புரையை நான் எழுதுவது வேறொரு வகைக் குடும்பத்துக்காக. சம்பளம் வந்த அன்றே வாடகை, மளிகைக் கடைப் பற்று, பள்ளிக் கட்டணம், அடகு வட்டி என்று அது பிரிந்து போய்விட, மாதத்தின் மூன்றாம் வாரத்தில் யாரிடம் கைமாற்று கேட்கலாம் என்று யோசிக்கத் தொடங்கும் குடும்பத்துக்காக. எங்கள் குடும்பம் அப்படித்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை என்பதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கணக்கை முழுக் காலமும் கட்டி முதிர்வுத் தொகையை வாங்கிய பிறகு, அடுத்த கணக்கைக் கட்டிக்கொண்டிருக்கும் நிலையில், இதன் நிறைகளையும் குறைகளையும் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருப்பூரில். என் கணவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். அவருக்குச் சனிக்கிழமைதோறும் சம்பளம். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. எனக்கு மாதச் சம்பளம். திருப்பூரின் வேலையை அறிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே புரியும். ஆர்டர் இருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட் ஓடும், கையில் பணம் புரளும். ஆர்டர் குறையும்போது வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் பெரிய விஷயம். எங்கள் செலவு நல்ல மாதத்தின் வருமானத்துக்கு ஏற்ப அமைந்திருந்தது. மோசமான மாதத்தின் பள்ளத்தைக் கடன் நிரப்பியது. வருமானம் போதவில்லை என்பதைவிட, வருமானம் இறங்கும்போது அதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை என்பதே எங்கள் உண்மையான பிரச்சினை என்று இப்போது நினைக்கிறேன். இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனென்றால், வருமானத்தைக் கூட்டுவது எங்கள் கையில் இல்லாவிட்டாலும், தாங்கிப் பிடிக்க ஒன்றைக் கட்டுவது எங்கள் கையில் இருந்தது.

கணக்கின் அமைப்பு எளிமையானது. மாதம் குறைந்தது 100 ரூபாய். அதற்கு மேல் 10 ரூபாயின் மடங்குகளில் எவ்வளவு வேண்டுமானாலும். 60 மாதத் தவணைகள். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டியாகச் சேரும். சிறுசேமிப்புத் திட்டங்களின் வட்டியை 2016 ஏப்ரலிலிருந்து மத்திய நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. ஆனால் நாம் கணக்கைத் திறக்கும் நாளில் என்ன விகிதமோ, அதுவே ஐந்தாண்டும் நீடிக்கும். 2023 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த 6.7 சதவீத விகிதத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால், கட்டிய 60,000 ரூபாய்க்கு முதிர்வின்போது 71,366 ரூபாய் கிடைக்கும். அஞ்சலகச் சேமிப்புகளுக்கு மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு. வங்கி வைப்புகளுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது என்பதால், எங்களைப் போன்றவர்கள் போடும் தொகைக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆனால் எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடத்தியவர் ஓர் இரவில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன பிறகு, பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை நான் வட்டிக்கு முன்னால் வைக்கத் தொடங்கினேன்.

இனி, இந்தக் கணக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்லாத, என் பார்வையில் இதன் உயிரான அம்சத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு தவணைகள் கட்டி, கணக்கு இடைநிற்காமல் ஓராண்டு நடந்திருந்தால், கணக்கில் உள்ள இருப்பில் பாதி வரை கடனாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கடனுக்கு வட்டி, நமது ஆர்.டி. விகிதத்துடன் 2 சதவீதம் சேர்த்துத் தனி வட்டியாகக் கணக்கிடப்படும், 6.7 சதவீதக் கணக்கு என்றால் 8.7 சதவீதம். மொத்தமாகவும் திருப்பிக் கட்டலாம், சமமான மாதத் தவணைகளாகவும் கட்டலாம். கட்ட முடியாமலே போனால், முதிர்வுத் தொகையிலிருந்து அசலும் வட்டியும் கழித்துக்கொள்ளப்படும். யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

இதன் மதிப்பைப் புரிந்துகொள்ள, நம் ஊர்களில் வட்டி எப்படிப் பேசப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று சொல்வது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்ற கணக்கு. கேட்கும்போது மூன்று என்பது சிறிய எண்ணாகத் தெரியும். ஆண்டுக் கணக்கில் அது 36 சதவீதம். அவசரத்துக்கு 6,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி ஆறு மாதத்தில் திருப்பிக் கொடுத்தால் வட்டி மட்டும் 1,080 ரூபாய். அதே தொகையை, மாதம் 1,000 ரூபாய் வீதம் ஓராண்டு கட்டிய ஆர்.டி. கணக்கின்மேல் எடுத்தால் ஆறு மாத வட்டி 261 ரூபாய். அதுவும் கடன் எடுத்திருக்கும் காலத்தில் நம் முழு வைப்புக்கும் 6.7 சதவீதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே அந்தக் கடனால் நமக்கு உண்மையில் ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டியதுதான். தினத் தண்டலிலும் வாரத் தண்டலிலும் வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கும் வழக்கத்தை இதனுடன் ஒப்பிடவே முடியாது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2003இல் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் சனிக்கிழமை சம்பளம் வராத வீட்டுக்குச் சட்டத்தைவிட அன்றைக்கு வேண்டியது, நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கும் ஓர் இடம். ஆர்.டி. ஓராண்டைத் தாண்டியதும் அந்த இடமாகிவிடுகிறது.

எங்கள் முதல் கணக்கை 2019 ஆகஸ்டில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தொடங்கினோம். அப்போது விகிதம் 7.2 சதவீதம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் புதிய கணக்குகளுக்கான வட்டி ஒரேயடியாக 5.8 சதவீதத்துக்கு இறங்கியது. மூன்று ஆண்டுகள் அது ஏறவே இல்லை. எங்கள் கணக்கு மட்டும் 7.2இலேயே நின்றது. விகிதம் உறுதியாக இருப்பது என்பதை அதுவரை நான் ஒரு விதியாகத்தான் படித்திருந்தேன். அதன் பயன் அந்த ஆண்டுகளில்தான் தெரிந்தது. ஊரடங்கில் கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது வாரச் சம்பளம் நின்றது, பள்ளியில் என் சம்பளம் பாதியானது. தவணை கட்ட முடியாத அந்த மாதங்களுக்குத் தாமதக் கட்டணம் இல்லாமல் பின்னர் கட்டிக்கொள்ள அஞ்சல் துறை அவகாசம் கொடுத்ததால் கணக்கு பிழைத்தது. ஆனால் ஓராண்டு நிறையாததால் அதன்மேல் கடன் எடுக்க முடியவில்லை. என் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. மறு ஆண்டு இரண்டாம் அலை வந்து மறுபடியும் கம்பெனிகள் மூடியபோது நிலைமை வேறாக இருந்தது. கணக்கின்மேல் 10,000 ரூபாய் எடுத்தோம். பாஸ்புக்கும் ஒரு விண்ணப்பப் படிவமும் போதுமாக இருந்தன. எதற்கு, ஏன், எப்போது திருப்பிக் கொடுப்பாய் என்று கேட்க எதிரில் எவரும் இல்லை. ஏற்கெனவே அடகில் இருந்த சங்கிலிக்குத் துணையாக வளையலும் போகாமல் தப்பியது அந்த முறைதான். வேலை தொடங்கிய பிறகு மாதத் தவணைகளாக அந்தத் தொகையைக் கட்டி முடித்தோம். வட்டியாகப் போனது சில நூறு ரூபாய்.

கைமாற்று வாங்குவதில் பணத்தைத் தவிர வேறொரு செலவும் இருக்கிறது. கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் அவர் முகத்தைப் பார்க்கத் தயங்குவோம்; புதிதாக ஒரு சேலை கட்டினால் அவர் கண்ணில் படக் கூடாதே என்று நினைப்போம்; அவர் சொல்லும் வேலையை மறுக்க முடியாது. உறவும் நட்பும் உள்ளே இப்படி அரிக்கப்படுவதை எந்த வட்டிக் கணக்கிலும் சேர்க்க முடியாது என்றாலும், இந்தச் சேவையை மதிப்பிடும்போது நான் அதைச் சேர்த்தே மதிப்பிடுவேன். எங்கள் வீட்டில் பண விஷயமாகச் சண்டை வருவது குறைந்ததும் அந்தக் காலத்திலிருந்துதான்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பது வருமானம் ஏறி இறங்கும் குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கணக்கில் ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் தாமதக் கட்டணம். 1,000 ரூபாய்த் தவணைக்கு 10 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் ஊர் வழக்கில் அது ஒரு வட்டி என்பதை மறக்கக் கூடாது; அலட்சியமாக மாதக்கணக்கில் தள்ளினால் நாம் பெறும் வட்டியை அதுவே தின்றுவிடும். நான்கு தவணைகள் தவறிவிட்டால் கணக்கு நின்றுபோகும். நான்காவது தவணை தவறியதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அதை மீட்டுக்கொள்ளலாம். நான்குக்கு மேல் தவறாமல் இருந்தால், தவறிய மாதங்களின் அளவுக்கு முதிர்வைத் தள்ளிவைத்துக்கொள்ளவும் விதியில் இடமிருக்கிறது. என் கருத்தில் இது இரக்கமும் கண்டிப்பும் சேர்ந்த நல்ல விதி. ஒரு மோசமான மாதத்துக்காகக் கணக்கை இழக்க வேண்டியதில்லை. அதே நேரம், போட்டால் போடலாம் போடாவிட்டால் போகட்டும் என்று இருக்கவும் முடியாது.

இங்கே ஒரு நடைமுறை யோசனையைச் சொல்ல வேண்டும். ஒரு கணக்கின் மாதத் தொகையை இடையில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் ஒருவர் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆகவே மாதம் 2,000 ரூபாய் போட முடியும் என்று தோன்றினால், அதை ஒரே கணக்காகத் தொடங்காமல் 500 ரூபாய் வீதம் நான்கு கணக்குகளாகத் தொடங்குவது நல்லது. வேலை குறைந்த மாதத்தில் இரண்டை மட்டும் கட்டி மற்ற இரண்டையும் தாமதமாகக் கட்டலாம். மூன்று ஆண்டு கடந்த பிறகு மிகவும் நெருக்கடி வந்தால் ஒன்றை மட்டும் முடித்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றலாம். நாங்கள் இரண்டாவது சுற்றில் இப்படித்தான் செய்திருக்கிறோம். பாஸ்புக்குகளின் எண்ணிக்கை கூடுவதைத் தவிர இதில் தொல்லை ஏதும் இல்லை.

அஞ்சலகத்துக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு மகளிர் முகவர்கள் இருக்கிறார்கள். மகிளா பிரதான் சேமிப்புத் திட்டம் என்று அழைக்கப்படும் ஏற்பாட்டின்கீழ் நியமிக்கப்பட்ட இந்தப் பெண்கள் வீடு வீடாக வந்து தவணையை வாங்கி அஞ்சலகத்தில் கட்டுகிறார்கள். அவர்களுக்கு 4 சதவீதத் தரகை அரசு தருகிறது. நம்மிடமிருந்து ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. மற்ற சிறுசேமிப்புத் திட்டங்களில் முகவர் தரகு குறைக்கப்பட்டபோதும், சிலவற்றில் அறவே நீக்கப்பட்டபோதும், ஆர்.டி.க்கான இந்தத் தரகு மட்டும் குறையாமல் நின்றது. வாசலுக்கு வந்து கேட்டு வாங்கும் ஒருவர் இருந்தால்தான் சிறு வருமானக் குடும்பங்களின் சேமிப்பு தொடரும் என்பதை அரசும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். என் அனுபவமும் அதுதான். எங்கள் பகுதிக்கு வரும் முகவர் அக்கா பத்தாம் தேதிக்குள் வந்துவிடுவார் என்பதால், சனிக்கிழமைச் சம்பளத்தில் 250 ரூபாயை எடுத்து வைப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வாசலில் வந்து நிற்கும் மனிதரிடம் இந்த மாதம் இல்லை என்று சொல்வதைவிட, கைபேசியில் வரும் நினைவூட்டலைத் தள்ளிவிடுவது மிகவும் எளிது.

முகவர் மூலம் கட்டுகிறவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஓர் ஒழுங்கு இருக்கிறது. பணம் கொடுத்ததும் முகவர் தரும் அட்டையில் தொகையும் கையொப்பமும் பதிவாக வேண்டும். அட்டையில் இருப்பது முகவர் பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே. அஞ்சலகத்தில் பணம் சேர்ந்ததற்குப் பாஸ்புக் பதிவுதான் சான்று. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நாமே அஞ்சலகத்துக்குச் சென்று பாஸ்புக்கில் பதிவு செய்து, அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். முகவர்மேல் நம்பிக்கை இல்லை என்பதல்ல இதன் பொருள். நல்ல முகவர்கள் இதைத் தாங்களே வலியுறுத்துவார்கள். முகவர் வேண்டாம் என்பவர்கள் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் செயலி வழியாகவும் மாதத் தவணையைக் கட்டலாம்.

மற்ற வழிகளையும் பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களின் ஏலச்சீட்டு மோசமானது அல்ல. 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்டு சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறது, அவசரத்துக்குச் சீட்டை எடுக்கவும் முடியும். ஆனால் அவசரத்தில் எடுப்பவர் அதிகத் தள்ளுபடிக்கு எடுக்க நேரிடுகிறது. நெருக்கடியில் இருப்பவரின் இழப்பு, நெருக்கடியில் இல்லாதவருக்கு லாபமாகப் போகிறது. எங்களைப் போன்றவர்கள் எப்போதும் முதல் வகையில்தான் இருப்போம். நகைக் கடைகளின் பதினொரு மாதச் சீட்டில் செய்கூலி, சேதாரத்தில் சலுகை கிடைக்கும் என்றாலும் முடிவில் கைக்கு வருவது பணமல்ல, நகை. அடுத்த நெருக்கடியில் அந்த நகை அடகுக் கடைக்குத்தான் போகும். தங்கத்தைச் சேமிப்பு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நாம், வட்டி கட்டியே அதை மூன்று முறை வாங்கியிருப்போம்.

வங்கி ஆர்.டி.யை மட்டும் இதற்கு நிகராக வைத்துப் பேசலாம். சம்பளம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறவர், சம்பள நாளன்றே தவணை தானாகப் பிடிக்கப்படும்படி அங்கேயே ஒரு ஆர்.டி. தொடங்கிவிட்டால் வெளியே போகும் வேலையே இல்லை. ஓராண்டு, இரண்டாண்டு என்ற குறுகிய காலத் தேர்வுகளும் உண்டு, இடையில் முடிப்பதும் எளிது. மாதச் சம்பளக்காரருக்கு அது போதும் என்றே சொல்வேன். வாரக் கூலியைக் கையில் வாங்கும் வீட்டுக்கு, கணக்கில் பணம் இல்லாத நாளில் தவணை திரும்பிப் போகும் சிக்கல் இல்லாத அஞ்சலகக் கணக்கே பொருந்தும். இன்னொன்று: இடையில் முடிப்பது எளிது என்பதே சில வீடுகளில் குறையாகவும் ஆகிறது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் உடையும் சேமிப்பு எதையும் தாங்காது.

ஆனால் அஞ்சலக ஆர்.டி. இந்தத் திசையில் மறு கோடிக்குப் போய்விடுகிறது என்பதே இதன்மேல் எனக்குள்ள முதன்மையான குறை. மூன்று ஆண்டுகள் முடியும்வரை கணக்கை முடிக்கவே முடியாது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முடித்தாலும், முதிர்வுக்கு ஒரு நாள் முன்பு முடித்தாலும்கூட, வட்டி சாதாரணச் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத விகிதத்துக்கு இறங்கிவிடும். மாதம் 1,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டு கட்டியவருக்கு 6.7 சதவீதத்தில் ஏறத்தாழ 3,900 ரூபாய் வட்டி சேர்ந்திருக்க வேண்டும். அப்போது முடித்தால் கிடைப்பது ஏறத்தாழ 2,200 ரூபாய்தான். நான்கரை ஆண்டு ஒழுங்காகக் கட்டியவரையும் மூன்று ஆண்டில் நிறுத்தியவரையும் ஒரே விகிதத்தில் வைப்பது நியாயம் அல்ல. முடிந்த ஆண்டுகளுக்கு ஏற்ப விகிதத்தைப் படிப்படியாக உயர்த்தலாம். முதிர்வுக்குப் பிறகு நீட்டிக்கப்படும் கணக்கில் இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது: நீட்டிப்புக் காலத்தில் முழுமையடைந்த ஆண்டுகளுக்கு ஆர்.டி. விகிதமும், முழுமையடையாத பகுதிக்கு மட்டும் சேமிப்புக் கணக்கு விகிதமும் தரப்படுகின்றன. அதே முறையை முதல் ஐந்தாண்டுக்கும் கொண்டுவருவதில் என்ன தடை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

முதல் ஓராண்டில் கடன் வசதி இல்லை என்பது இரண்டாவது குறை. சேமிக்கத் தொடங்கிய குடும்பம் மிகவும் பலவீனமாக இருப்பது அந்த ஓராண்டில்தான். ஆறு தவணைகள் கட்டியவருக்குச் சிறிய அளவிலாவது கடன் எடுக்க வழி இருந்தால், தொடங்கிய கணக்கைப் பாதியில் கைவிடுகிறவர்கள் குறைவார்கள். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் இதன் வட்டியில் பெரிதாக எதுவும் மிஞ்சாது என்பதும் உண்மை. வட்டிக்கு வருமான வரி விலக்கும் இல்லை. சொத்து சேர்க்க நினைப்பவர் இதை நம்பி இருக்கக் கூடாது.

மூன்று வட்டிக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு 6.7 சதவீதத்துக்குச் சேமிப்பது முட்டாள்தனம் அல்லவா என்று என் தம்பி கேட்டான். கணக்குப்படி அவன் சொன்னது சரி. 36 சதவீதக் கடனில் 1,000 ரூபாயைக் குறைத்தால் ஆண்டுக்கு 360 ரூபாய் மிச்சம்; அதையே ஆர்.டி.யில் போட்டால் 67 ரூபாய் வரவு. ஆனாலும் கையிலுள்ள எல்லாவற்றையும் கடனுக்கே கட்டிவிடும் குடும்பத்துக்கு, அடுத்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடியும் அதே வட்டிக்காரரைத் தவிர வேறு கதி இருக்காது. கடன் குறைந்து ஏறி, குறைந்து ஏறி, ஆண்டுகள் போய்விடும். ஆகவே நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. கடன் இருக்கும்வரை ஆர்.டி.யை மிகச் சிறியதாக, 200 அல்லது 300 ரூபாயாக வைத்துக்கொண்டு, மீதி முழுவதையும் அதிக வட்டிக் கடனில் தள்ள வேண்டும். ஓராண்டு நிறைந்ததும், அவசரங்களுக்கு ஆர்.டி. கடனை மட்டுமே எடுப்பது என்று வீட்டில் முடிவு செய்துகொள்ள வேண்டும். புதிய வெளிக்கடன் நின்றுபோனால் பழைய கடன் தீர்வதற்கு ஒரு முடிவு தெரியத் தொடங்கும். குழுக் கடன்களுக்கு வாரத் தவணை கட்டும் வீடுகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் தவணையைத் தவறவிட்டு ஆர்.டி. கட்டுவதில் பயன் இல்லை.

2024 ஆகஸ்டில் எங்கள் முதல் கணக்கு முதிர்ந்தபோது 72,300 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைத்தது. அந்தத் தொகையில் எதையும் வாங்கவில்லை. சங்கிலி அதற்கு முன்பே மீண்டு வந்திருந்தது. 50,000 ரூபாயை அஞ்சலகத்திலேயே ஓராண்டு வைப்பாகப் போட்டோம். ஆறு மாதத்துக்குப் பிறகு தேவைப்பட்டால் அதை முடித்துக்கொள்ளலாம் என்பதும், வட்டி 6.9 சதவீதம் என்பதும் காரணங்கள். மீதியை உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் வைத்தோம். எங்கள் வீட்டின் ஏறத்தாழ இரண்டு மாதச் செலவு இப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது. சம்பளம் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆனால் இப்போது மளிகைக் கடையில் பற்று நோட்டு இல்லை; ரொக்கம் கொடுத்து வாங்குவதால் விலை ஒப்பிட்டு வேறு கடையிலும் வாங்க முடிகிறது. பள்ளிக் கட்டணத்தை ஒரே தவணையாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி எங்களுக்கும் கிடைக்கிறது. பணமில்லாத வீடு எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை கொடுக்கிறது என்பது, அந்தக் கூடுதல் விலை நின்ற பிறகுதான் முழுமையாகத் தெரிகிறது. கம்பெனியில் இரண்டு வாரம் வேலை இல்லை என்று கணவர் சொன்னால், அந்த இரண்டு வாரத்தை எப்படிக் கழிப்பது என்று இருவரும் அமர்ந்து கணக்குப் போடுகிறோம்.

தொடங்க நினைப்பவர்களுக்குத் தேதியைப் பற்றி ஒரு குறிப்பு. மாதத்தின் 15ஆம் தேதிக்குள் கணக்கைத் தொடங்கினால் பிந்தைய தவணைகளை ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை அவகாசம் உண்டு. பின்னது வசதியானதாகத் தோன்றும். மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் முன்னதையே பரிந்துரைப்பேன். மாதக் கடைசியில் தவணைக்கு எடுத்து வைக்க எதுவும் மிஞ்சாது. வாரக் கூலி வாங்குகிறவர்கள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஆதார், பான் ஆகியவற்றின் நகல்கள், புகைப்படங்கள், முதல் தவணைப் பணம் ஆகியவற்றுடன் போனால் போதும். விண்ணப்பத்தில் வாரிசு நியமனப் பகுதியைக் காலியாக விடாதீர்கள். மூன்று பேர் வரை கூட்டுக் கணக்காகத் தொடங்கலாம் என்பதால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தொடங்குவது நல்லது. வீடு மாறினால் எந்த ஊர் அஞ்சலகத்துக்கும் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். வேலை தேடி திருப்பூருக்கு வந்து, ஆர்டர் குறைந்தால் சொந்த ஊருக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு இது மிகவும் தேவையான வசதி. தொகையை முடிவு செய்யும்போது நல்ல மாதத்தை நினைக்காமல், கடந்த ஆண்டில் மிகக் குறைவாகச் சம்பளம் வந்த மாதத்தை நினைத்து, அந்த மாதத்திலும் கட்டியிருக்க முடியும் என்று தோன்றும் தொகையை எழுதுங்கள். அது 100 ரூபாயாக இருந்தாலும் அந்தப் படிவம் செல்லும்.